ஆணுறை கிழிந்துவிட்டால்: முதல் 72 மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டால், மாதவிடாய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தாதீர்கள். பப்பாளியோ எள்ளோ தின்பதும், உடனே கழுவிக்கொள்வதும் கருத்தரிப்பைத் தடுக்காது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள், இயன்றால் முதல் நாளிலேயே, விழுங்க வேண்டும். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. முட்டை வெளிவந்த பிறகு பெரிதாகப் பயன் இராது என்பதால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாகிறது. உருவாகிவிட்ட கருவை இது கலைக்காது. கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு மருந்து. அதை மருத்துவர் மேற்பார்வையின்றி வாங்கி விழுங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒரு மாத்திரை தேவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ, வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்றவையோ உட்கொள்பவர்களுக்கு இதன் ஆற்றல் குறையும் என்பதால், அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் பொருத்தப்படும் காப்பர்-டி என்ற சிறு கருவி, மாத்திரையைவிட நம்பகமானது; குழந்தை பெறாதவர்களும் பொருத்திக்கொள்ளலாம்.

மருத்துவர் சீட்டின்றி விற்க மத்திய விதிகள் இடமளித்தும், தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் இம்மாத்திரை கிடைப்பதில்லை. இது மாணவிகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். ஓரிரு கடைகளில் இல்லையென்றால் அலையாமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குச் செல்லுங்கள். எச்ஐவி தொற்று குறித்து ஐயம் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். அதற்கான தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

அதே மாதத்தில் பின்னர் நிகழும் உறவுக்கு இந்த மாத்திரை காப்பளிக்காது, ஆணுறை வேண்டும். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

கரு உறுதியானாலும் வழி உண்டு. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருத்தடை முறை தோல்வியுற்ற பெண், மணமாகாதவராயினும், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரில் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய ஒப்புதலே போதும். பெற்றோரின் கையெழுத்தையோ கணவரின் கையெழுத்தையோ எவரும் கேட்க முடியாது. சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு எவரிடமும் உங்கள் பெயரை மருத்துவர் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 18 நிறையாத முதலாண்டு மாணவிக்குப் பாதுகாவலரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. 18 நிறையாதவருடனான உறவு சட்டப்படி குற்றம் என்பதால் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருந்தாலும், மாணவியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.