முதல் கப்பல் பயணம்: இன்சூரன்ஸிலும் சாப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். முன்பு என்னோடு வேலை பார்த்தவன், அடுத்த வருடம் முதல் தடவையாகச் சுற்றுலாக் கப்பலில் (க்ரூஸ்) போகப்போகிறான். “அக்கா, எல்லாம் முடிஞ்சுது. டெபாசிட் கட்டியாச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு முதல் பந்தி போட்டாச்சு, இன்சூரன்ஸும் டிக் பண்ணிட்டேன்” என்றான். எந்த இன்சூரன்ஸ் என்று கேட்டேன். “அதான்க்கா, பணம் கட்டுற பக்கத்துல ஒரு கட்டம் இருந்துச்சே, அது.” யார் யார் போகிறீர்கள் என்றால் அவனும் மனைவியும், கூடவே அவன் அப்பா அம்மாவும். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு பிபி. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரிதான் செய்தேன். அதற்கப்புறம் பல தடவை கப்பலில் போயாச்சு, தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாலிசி படித்துக் கொடுத்திருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் விழுகிற குழிகள் மட்டும் மாறவே இல்லை. பாஸ்போர்ட் செல்லுபடி, கடல் மயக்க மாத்திரை இதையெல்லாம் இங்கே எழுதவில்லை, அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

## விமானமும் கப்பலும் ஒரே நாளில்

வேண்டாம். முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

## “மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு, அப்போ வியாதி இல்ல”

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன். என்னிடமிருந்து அதிகப் பணத்தைக் கொண்டுபோன தவறு இது.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. பிபிக்குப் பல வருடமாக மாத்திரை. கப்பல் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இனி அரை மாத்திரை போதும் என்றார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கடுத்த வாரம்தான் பாலிசி எடுத்தேன். ஃபார்மில் ஒரு கேள்வி: கடந்த 90 நாட்களில் மருந்திலோ மருந்தின் அளவிலோ மாற்றம் உண்டா? ‘இல்லை’ என்று போட்டேன். பொய் சொல்ல நினைத்துப் போடவில்லை. மாற்றம் என்றால் மோசமாவது என்றுதான் என் மனதில் இருந்தது. மாத்திரை குறைந்ததைப் போய் யாராவது எழுதுவார்களா?

மூன்றாம் நாள் ராத்திரி, டைனிங் ரூமில் சூப் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா ஸ்பூனில் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே மேஜை விரிப்பின் மேல் வைத்தார். வெள்ளை விரிப்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் மெதுவாகப் பரவியது. “கப்பல் ஆடுதாம்மா?” என்று என்னைக் கேட்டார். கடல் அன்றைக்குக் குளம் மாதிரி இருந்தது.

வீல்சேரில் கீழ்த் தளத்துக்குக் கொண்டுபோனோம். கப்பலில் டாக்டர், நர்ஸ், இசிஜி, ஆக்ஸிஜன் எல்லாம் உண்டு, நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அது முழு ஆஸ்பத்திரி கிடையாது. ஆபத்தைத் தாண்டவைத்து, மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிக் கரையில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எங்களையும் அப்படித்தான் இறக்கினார்கள். அதற்கு முன் கேபின் கணக்கில் பில் வந்தது. முந்தின நாள் குடித்த காபிக்கு அடுத்த வரியில் மருத்துவச் செலவு. கப்பலில் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அப்புறம்தான் இன்சூரன்ஸிடம் கேட்க வேண்டும், இதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கரையில் ஆஸ்பத்திரியும் முன்பணம் கேட்டது. நான்கு நாள் அங்கே, எனக்கு ஹோட்டல், கடைசி நேரத்தில் எடுத்த இரண்டு விமான டிக்கெட், பாதியில் விட்டுவந்த பயணத்துக்குக் கட்டிய பணம். அம்மா நல்லபடியாக வீடு வந்தார், அது போதும் என்று அப்போது இருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மருந்தளவு மாறியதைத் தெரிவிக்கவில்லை, அதனால் கிளெய்ம் இல்லை. மேல்முறையீடு செய்தேன், டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் சேர்த்த பணம் அது. இன்றைக்கும் யாராவது “எங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லக்கா, சும்மா பிபி மாத்திரைதான்” என்று ஆரம்பித்தால் அந்த ‘சும்மா’ எனக்குச் சுருக்கென்று குத்துகிறது.

சரி, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பாலிசி எடுத்த தேதியிலிருந்து பின்னோக்கி ஒரு காலத்தை எடுத்துக்கொள்வார்கள், பல பாலிசிகளில் அது 60 முதல் 180 நாள் வரை இருக்கும். அதற்குள் புது மருந்து ஆரம்பித்தாலும், அளவு கூடினாலும், குறைந்தாலும், டாக்டர் டெஸ்ட் எழுதிக்கொடுத்து ரிசல்ட் வராமல் இருந்தாலும், அந்த வியாதி ‘நிலையாக இல்லை’ என்ற கணக்கில் போய்விடலாம். உங்கள் டாக்டர் ‘நன்றாக இருக்கிறார்’ என்று சொல்வது வேறு, பாலிசியில் அந்தச் சொல்லுக்கு எழுதிவைத்திருக்கும் பொருள் வேறு. பணம் வருமா வராதா என்பது பாலிசியில் எழுதியிருப்பதை வைத்துத்தான். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: உங்களோடு வராமல் வீட்டில் இருக்கும் மாமியாருக்கோ அண்ணனுக்கோ முடியாமல் போய் நீங்கள் பயணத்தை ரத்து செய்தாலும், பல பாலிசிகளில் அவருடைய பழைய வியாதிக்கும் இதே விதிதான்.

வழி இல்லாமல் இல்லை. முதல் டெபாசிட் கட்டி 14 முதல் 21 நாளுக்குள் பாலிசி எடுத்து, திரும்ப வராத செலவு முழுவதையும் அதில் காட்டி, எடுக்கும் அன்றைக்குப் பயணம் செய்யக்கூடிய உடல்நிலையில் இருந்தால், பழைய வியாதி என்று ஒதுக்கமாட்டோம் என்று சொல்லும் பாலிசிகள் இருக்கின்றன. கடைசி வாரத்தில் எடுப்பவருக்கு இது கிடைக்காது. இன்சூரன்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான். சில நாடுகளின் பாலிசிகளில் இந்தக் கெடுவே இல்லை, எல்லா வியாதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னால் பிரீமியம் ஏறும், ஏறட்டும். அந்த வகையில் பாலிசி எடுத்த பிறகு, கிளம்புவதற்கு முன் மருந்து மாறினாலும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது என்னிடம் கேட்கிற எல்லாரையும் முதலில் ஒரு தாள் எழுதச் சொல்கிறேன். ஆள் பெயர், மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எந்தத் தேதியில் மாறியது. இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம், ஞாபகத்தில் எழுதாமல் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது கிளெய்ம் கேட்கும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

## கப்பல் நிறுவனம் காட்டும் கட்டத்தை டிக் செய்து முடித்துக்கொள்வது

அந்தத் திட்டம் மோசம் என்று சொல்லவில்லை, சிலருக்கு அதுவே சரியாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது கப்பல் நிறுவனத்திடம் வாங்கியதை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட் அதில் வராது. ‘எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும், கீழே போய்ப் பார்த்தால் பல இடங்களில் பணமாகத் தராமல் அடுத்த பயணத்துக்கான கிரெடிட்டாகத் தருவார்கள்.

இரண்டு தொகையைத் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஒன்று மருத்துவச் செலவுக்கான வரம்பு. இன்னொன்று அவசரமாக ஆளைக் கப்பலிலிருந்து ஆஸ்பத்திரிக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவுக்கான வரம்பு. இந்த இரண்டாவதுதான் ஆளை மூழ்கடிக்கும். ஹெலிகாப்டரோ ஏர் ஆம்புலன்ஸோ வந்தால் மொத்தப் பயணச் செலவைப் போல பல மடங்கு ஆகிவிடும். ‘நம்மகிட்டதான் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கே’ என்பவர்கள் அது எல்லை தாண்டினால் செல்லுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பயணக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவானவை, சொந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து கிளம்பினாலும் அந்தக் கப்பல் டாக்டர் பல இன்சூரன்ஸ்களுக்கு வெளிநாட்டு டாக்டர்தான். சாதாரணப் பயண பாலிசியிலும் சில நாடுகளில் கப்பல் பயணத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் செல்லும்.

## கப்பல் நமக்காகக் காத்திருக்கும்

காத்திருக்காது. நாமாகச் சுற்றப் போய்த் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போக வேண்டும், அமெரிக்காவில் 1886இல் வந்த ஒரு சட்டத்தால் சில தடங்களில் அப்படி நடுவில் ஏறவும் விடமாட்டார்கள்.

## வீட்டுப் பழக்கத்தை வைத்துப் பந்தி நேரம் எடுப்பது

நிரந்தர மேஜை, அதாவது தினமும் ஒரே நேரம், ஒரே மேஜை என்றால் பொதுவாக இரண்டு பந்தி. முதலாவது மாலை 5:30லிருந்து 6 மணிக்குள், இரண்டாவது 8 மணியை ஒட்டி. வீட்டில் சீக்கிரம் சாப்பிடுகிறோம் என்று முதல் பந்தியை எடுத்துவிடுகிறார்கள். எதை எடுக்க வேண்டும் என்பது துறைமுக அட்டவணையில் இருக்கிறது. கப்பல் பெரும்பாலான நாட்களில் சாயங்காலம் ஆறு, ஏழு வரை கரையில் நிற்குமென்றால் முதல் பந்திக்காரர்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து குளிக்காமல் உட்காருவார்கள், அல்லது பாதி நாள் பந்தியை விட்டுவிட்டு பஃபேவில் சாப்பிடுவார்கள். கரை தொடாத கடல் நாட்கள் அதிகம், கூட வயதானவர்களோ குழந்தைகளோ என்றால் முதல் பந்தி நல்லது.

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற முறையும் இப்போது பல கப்பல்களில் உண்டு, சுதந்திரமாக இருக்கும், ஆனால் ஏழு மணி வாக்கில் வரிசை நிற்கும், தினம் ஒரு வெயிட்டர் வரலாம். சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவர் கூட இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு நிரந்தர மேஜைதான் சொல்வேன். அம்மாவோடு இரண்டாவது தடவை போனபோது (ஆமாம், அவர்தான் மறுபடி போகலாம் என்றார்) முதல் ராத்திரி மட்டும் உப்பு குறைவாக வேண்டும் என்று சொன்னோம். மறுநாளிலிருந்து அந்த வெயிட்டர் சாப்பாடு முடிந்ததும் அடுத்த நாள் மெனுவைக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் குனிந்து, எது வேண்டும் என்று பேனாவால் குறித்துக்கொண்டு போவார். முன்கூட்டிச் சொன்னதால் சமையலறையில் தனியாகச் செய்ய முடிந்தது.

## ஒவ்வாமையை ஒரு ஃபார்மில் மட்டும் எழுதுவது

வேர்க்கடலை ஆகாது, கோதுமை ஆகாது என்று கப்பல் நிறுவனத்தின் ஃபார்மில் பக்குவமாக எழுதுகிறவர்கள், இன்சூரன்ஸ் ஃபார்மில் அதை விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டு விஷயம்தானே என்று நினைப்பு. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வாமை அங்கே பழைய வியாதிதான். இரண்டிலும் எழுதுங்கள். கப்பல் ஏறிய முதல் ராத்திரி தலைமை வெயிட்டரிடம் நேரிலும் சொல்லுங்கள். ஊசியும் மாத்திரையும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், துறைமுகத்தில் கொடுத்த பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர சாயங்காலம்கூட ஆகும்.

## போவதற்கு முன்பே எல்லா பேக்கேஜையும் வாங்குவது

டைனிங் ரூம், பஃபே இரண்டுக்கும் பயணக் கட்டணத்திலேயே கட்டியிருக்கிறீர்கள். தனிக் கட்டண ரெஸ்டாரன்ட் ஐந்து ராத்திரி பேக்கேஜ் எதற்கு? ஒன்றே ஒன்று பதிவு செய்யுங்கள், பிடித்திருந்தால் மேலே போடுங்கள். மது பேக்கேஜ் எடுப்பதானால், ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் எடுத்தாக வேண்டும் என்று பல கப்பல்களில் விதி. குடித்த நிலையில் விழுந்து அடிபட்டால் கிளெய்ம் கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியே இருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டு வாங்குங்கள்.

## முதல் நாள் மதியம் பஃபே

கப்பலில் உள்ள கூட்டமெல்லாம் அங்கேதான் நிற்கும். டைனிங் ரூம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

## வயிறு சரியில்லாததை மறைப்பது

கேபினை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் கப்பலில் மின்னல் மாதிரி பரவும், சானிடைசர் அதற்குப் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். பக்கத்து மேஜையில் எழுபது வயதுக்காரர் இருப்பார், அவரை நினைத்தாவது டாக்டரிடம் போங்கள். கேபினில் அடைபட்ட நாட்களுக்குப் பணம் தரும் பாலிசிகள் உண்டு, அதற்குக் கப்பல் டாக்டர் எழுதிய பதிவு கேட்பார்கள். மறைத்தால் அதுவும் போச்சு.

## ரசீதைத் தூக்கிப் போடுவது

எதையும் போடாதீர்கள். அன்றன்றைக்குப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நேற்று ராத்திரி அந்தத் தம்பி தாளை எழுதி அனுப்பியிருந்தான். அப்பாவின் மாத்திரையெல்லாம் பழையது. அம்மாவின் மூன்றாவது மாத்திரைக்கு நேராக ஒரு தேதி இருந்தது, போன மாதம்தான் அளவைக் குறைத்திருக்கிறார்கள். டெபாசிட் கட்டி 12 நாள் ஆகிறது, அவன் பார்த்துவைத்த வேறொரு பாலிசியில் 14 நாள் கெடு. காலையில் இன்சூரன்ஸ் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.