முட்டி மாத்துனப்புறம் மறுபடியும் வேட்டைக்கு

வலது முழங்கால் முட்டிய ஆபரேஷன் பண்ணி மாத்தி 3 மாசத்துல சமதரையில நல்லாவே நடந்தேன், அந்த தைரியத்துல துப்பாக்கிய எடுத்துட்டு காட்டுக்குக் கிளம்பிட்டேன், மேடு ஏறுறப்ப ஒண்ணும் தெரியல, இறங்குறப்பதான் தொடை வெடவெடன்னு நடுங்கி கால் நிக்கவே மாட்டேன்னுச்சு. ராத்திரி முட்டி நல்லா வீங்கிடுச்சு, ஐஸ் வச்சுட்டே படுத்திருந்தேன்.

பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டா மூட்டு நல்லாத்தான் இருக்கு, தொடை முன்பக்க தசைதான் இன்னும் தேறலன்னாரு. அப்புறம் தினமும் ஒரே ஒரு படியில மெதுவா ஏறி இறங்கிப் பழகினேன், அது சரியானதும் முதுகுப்பையில தண்ணி பாட்டில் ஒண்ணொண்ணா சேத்துட்டு கரடுமுரடான தரையில நடந்தேன். சரிவுல இறங்குறப்ப ஊன்றுகோல், அதுக்கப்புறம் ஆபரேஷன் பண்ண கால், கடைசியாதான் நல்ல கால், இந்த வரிசை மாறவே கூடாதுங்க.

மண்டி போட்டு சுடுறத விட்டுட்டேன், புது முட்டிய தரையில ஊனுனா உள்ள ஏதோ கட்டையா இடிக்கிற மாதிரி இருக்கு. இப்ப மடக்கு ஸ்டூல், துப்பாக்கிய தாங்க ஒரு முக்காலி. முக்கியமா, நடக்குறப்ப தோட்டா போடவே மாட்டேன், கால் தடுக்கினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

7வது மாசம் மறுபடி போனேன், 2 மணி நேரம், வீக்கமே இல்ல.