ட்ரிப் லாஜிக்: வயர் அறுந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும்

மோட்டாரை பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) வழியாக ஓட்டும்போது, ஓவர்லோடு ரிலே, பிரஷர் ஸ்விட்ச் போன்ற ட்ரிப் சிக்னல்களை (கோளாறு வந்தால் மோட்டாரை நிறுத்துபவை) என்.சி. கான்டாக்டில் (இயல்பில் மூடியிருப்பது) எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பி.எல்.சி. இன்புட்டில் 24 வோல்ட் நிற்கும். வயர் அறுந்தாலோ ஃபியூஸ் போனாலோ அது 0 ஆகி மோட்டார் நிற்கும்.

குழப்பம் லேடரில்தான், அதாவது பி.எல்.சி. புரோகிராமில். ஃபீல்டில் என்.சி. ஆயிற்றே என்று லேடரிலும் என்.சி. போடுவார்கள், நல்ல நிலையில் ஸ்டார்ட் ஆகாது, வயர் அறுந்தால் ஆகும்! அங்கே என்.ஓ. (இன்புட் வந்தால் மட்டும் மூடுவது) போடுங்கள். அதை ஸ்டார்ட் பட்டன், சீல்-இன் (பட்டனை விட்ட பிறகும் ஓட்டத்தைத் தொடர வைக்கும் கிளை) இரண்டுக்கும் பொதுவாக சீரிஸில் வையுங்கள். ஸ்டார்ட் கிளையில் மட்டும் வைத்தால் அது வெறும் பெர்மிசிவ் (ஸ்டார்ட் ஆக அனுமதி மட்டும்); ஓடும்போது ட்ரிப் ஆகாது.

ஃபார்வர்டு, ரிவர்ஸ் இன்டர்லாக்குக்கு (இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் தடுப்பதற்கு) லேடர் மட்டும் போதாது. கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டாலும் அவுட்புட் 0 என்றே காட்டும். எதிர் கான்டாக்டரின் என்.சி. ஆக்ஸிலரியை (துணை கான்டாக்டை) ஒவ்வொரு கான்டாக்டரின் காயில் வயரிங்கிலும் சேருங்கள்.

லோடு இல்லாமல் ஓடவிட்டு, இன்புட் வயரைக் கழற்றிப் பாருங்கள்: உடனே நிற்க வேண்டும், திரும்ப மாட்டினால் தானாக ஓடக் கூடாது.