கிணறுகளை வரைபடமாக்கி நீர்நீதி கேட்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் எல்லையோர ஊர்களில், ஆலையால் நீர் கெட்டதென்று கருதுவோர் முதலில் ஒவ்வொரு கிணற்றுக்கும் எண்ணிட்டு, உரிமையாளரின் இசைவோடு அதன் இருப்பிடத்தைக் கைப்பேசியில் பதிய வேண்டும். இதே வட்டத்திலுள்ள பிளாச்சிமடை ஊரில் ஆதிவாசி மக்கள் 2002இல் போராடத் தொடங்கி, 2004இல் குளிர்பான ஆலையின் உற்பத்தி நின்றபோதும், அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தவை கிணறுகளே.

நீர்மட்டத்தை, காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில் ஒரே இடத்திலிருந்து கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்து, நாளையும் நேரத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் காட்டும் கிணறுகளைச் சிவப்பில் குறிக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரத்தின் ஏற்கத்தக்க அளவு அதுவே. ஆனால் நச்சு உலோகங்களான காட்மியத்தையும் ஈயத்தையும் அக்கருவி தனித்துக் காட்டாது. அவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகமே வேண்டும். ஆலையிலிருந்து தொலைவிலுள்ள கிணறுகளையும் அளக்காவிட்டால் ஒப்பீட்டுக்கு வழியில்லை என்பதால், இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

வரைபடத்தையும் அளவுகளையும் மலையாள முறையீட்டோடு கிராமசபையில் வையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளே பொதுவான வரம்பு. எனவே முதல் அளவீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.