பாப் ஓவியக் கண்காட்சியை ஆழ்ந்து பார்ப்பது எப்படி

விளம்பரம், சினிமா, காமிக்ஸ் போன்றவற்றின் படங்களையே கருப்பொருளாக்கிய பாப் ஓவியங்களை நேசிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அமெரிக்க ஓவியர்களான ஆண்டி வார்ஹோலின் மர்லின் மன்றோவையும், ராய் லிச்டென்ஸ்டைனின் கண்ணீர் ததும்பும் பெண்களையும் சட்டையிலும் துணிப்பையிலும் காபிக் கோப்பையிலும் பார்த்துப் பழகிய பிறகே நாம் அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறோம். அதனால், அசலின் முன்னால் போய் நின்றதுமே, தெரிந்த படம்தானே என்று கண் முடிவுகட்டிவிடுகிறது. கால் அடுத்த படத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. ஆனால் கையின் தடம், மையின் கனம், படத்தின் உண்மையான அளவு ஆகிய மூன்றையும் எந்த நகலும் காட்டுவதில்லை. நேரில் போவதன் பயனே இவற்றைப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதலாவது, நீங்கள் விரும்பும் படைப்பு இப்போது சுவரில் இருக்கிறதா என்பது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், லண்டனின் டேட் மாடர்ன், ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள லுட்விக் அருங்காட்சியகம் போன்ற பெரிய இடங்களில்கூட படங்கள் இரவல் போகும், பாதுகாப்பறைக்குள் போகும், ஆகவே இணையதளத்தில் படைப்பின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. டேட் மாடர்னில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் நுழைவுச்சீட்டு. இரண்டாவது, அங்கே இருப்பது என்ன வகை என்பது. ஊர் ஊராகச் செல்லும் பல பாப் கண்காட்சிகளில் துணியில் தீட்டிய ஓவியங்கள் குறைவாகவும், காகிதத்தில் பல பிரதிகளாக அச்சிட்ட படங்கள் மிகுதியாகவும் இருக்கும். வார்ஹோல் 1967-இல் வெளியிட்ட பத்து மர்லின் அச்சுப்படங்களின் தொகுப்பு 250 பிரதிகள் கொண்டது. இதில் குறையொன்றும் இல்லை, அவையும் அவருடைய படைப்புகளே. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

வரலாற்றை அளவாகப் படித்துக்கொண்டால் போதும். 1950-களில் லண்டனில் சில இளம் கலைஞர்களும் விமர்சகர்களும் விளம்பரம், சினிமா, பத்திரிகைப் படங்கள் ஆகியவற்றைக் கலையின் பொருளாக எடுத்துக்கொண்டார்கள் என்பதும், அமெரிக்காவில் அது 1960-களின் தொடக்கத்தில் தனி வேகத்தோடு எழுந்தது என்பதும் தெரிந்தால் மீதியைப் படங்களே சொல்லிவிடும்.

கூட்டம் குறைந்த வார நாளின் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, நான்கைந்து படைப்புகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடமாவது நில்லுங்கள். முதலில் தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். பிறகு தடுப்புக்கோடு அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். கடைசியாக, பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சம் பரப்பின் மீது சாய்வாக விழும் கோணத்திலிருந்து பாருங்கள். பாப் ஓவியம் தூரத்தில் இயந்திரம் செய்ததைப் போலவும் அருகில் மனிதர் செய்ததாகவும் தெரிகிறது. இந்த மாற்றம் நிகழும் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் பெரும் இன்பம்.

டேட் தொகுப்பிலுள்ள 'மர்லின் டிப்டிக்' இதற்குச் சிறந்த பயிற்சி. 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்த சில வாரங்களில், 'நயாகரா' திரைப்படத்தின் விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தை வைத்து வார்ஹோல் இதைச் செய்தார். இரண்டு துணிப்பரப்புகள், ஒவ்வொன்றிலும் 25 முகங்கள், இடப்பக்கம் வண்ணத்தில், வலப்பக்கம் கறுப்பில். இதன் செய்முறை நமக்குப் புதிதல்ல, கல்யாணப் பத்திரிகைக்கும் பனியனுக்கும் செய்யும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் படம் பதிய வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் மையை அழுத்தி இழுத்தால் அது அடியிலுள்ள பரப்பில் இறங்கும். வார்ஹோல் முதலில் முடிக்கு மஞ்சளும், உதட்டுக்குச் சிவப்பும், இமைக்கு நீலமும் பூசிவிட்டு, அதன் மேல்தான் புகைப்படத்தைக் கறுப்பில் அச்சிட்டார். அதனால் இடப்பக்கத்தில் எந்த இரண்டு முகமும் ஒன்றல்ல. ஓரிடத்தில் சிவப்பு உதட்டுக்கோட்டைத் தாண்டி வழிகிறது. வேறோரிடத்தில் நீலம் இமையை விட்டு விலகி நிற்கிறது. வலப்பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் மை அடைத்துக்கொண்டு முகங்களையே கரியாக்கிவிட, வலது ஓரத்துக்குப் போகப் போக மை வற்றி முகம் மங்கிக்கொண்டே போகிறது. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முகமாக, இடமிருந்து வலமாகப் படியுங்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவது எவ்வளவு அரைகுறையான வாசகம் என்பது அப்போது புரியும்.

நியூயார்க்கில் உள்ள 'கேம்ப்பெல்ஸ் சூப் டப்பாக்கள்' (1962) இதற்கு நேர்மாறு. 32 துணிப்பரப்புகளையும் அச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி கையால் தீட்டியது. டப்பாவின் அடி விளிம்பில் ஓடும் லில்லிப்பூ வரிசையை மட்டும் அவர் முத்திரை குத்திச் செய்தார். அந்தப் பூக்களையே குறிவைத்துப் பாருங்கள்: ஒன்று அழுத்தமாகவும் அடுத்தது இலேசாகவும் விழுந்திருக்கும். இப்படங்கள் முதன்முதலில் 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஃபெரஸ் கூடத்தில், மளிகைக்கடைத் தட்டில் இருப்பதைப் போல ஒரு குறுகிய பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. அதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், சுவரில் மாட்டிய விதமும் பார்வையை எப்படி மாற்றுகிறது என்று யோசிக்கத் தோன்றும்.

லிச்டென்ஸ்டைனிடம் புள்ளிகளைப் பாருங்கள். மலிவான அச்சில் நிறத்தை உண்டாக்கும் புள்ளிகளைப் பெரிதாக்கி, துளையிட்ட தகட்டின் வழியாகக் கையால் பதித்தார். வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் 'லுக் மிக்கி' (1961) அவருடைய தொடக்க முயற்சி; அதில் புள்ளிகளுக்கு நாய் முடியைச் சீவும் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்துப் பயன்படுத்தினார், பென்சில் கோடுகளும் தெரிகின்றன. டேட்டிலுள்ள 'வாம்!' (1963) நான்கு மீட்டருக்கும் மேல் அகலமானது. அதன் மூலம் 1962-இல் வந்த ஒரு போர்க் காமிக்ஸ் இதழில் இர்வ் நோவிக் வரைந்த ஒரு கட்டம். பார்க்கப் போகும் முன் அந்தக் கட்டத்தைத் தேடிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஓவியத்தின் முன்னால் நின்று ஒப்பிடுங்கள். எதை நீக்கினார், எதை நிமிர்த்தினார், எந்த இடத்தைப் பெரிதாக்கினார் என்பது கண்ணெதிரே விரியும். நோவிக் போன்ற காமிக்ஸ் ஓவியர்களுக்கு உரிய பெயர் அன்று கிடைக்கவில்லை என்பது உண்மையான குறை. லிச்டென்ஸ்டைனைக் கொண்டாடுபவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அளவு விஷயத்தில் கண் ஏமாறும். பாப் கலையின் தொடக்கமாக எல்லாப் புத்தகங்களிலும் இடம்பெறும் ரிச்சர்ட் ஹாமில்டனின் 1956-ஆம் ஆண்டுக் கொலாஜ் (வெட்டி ஒட்டிய படம்), எந்தப் பக்கமும் 26 செ.மீ.யைத் தாண்டாத சிறு காகிதம். ஜேம்ஸ் ரோசன்க்விஸ்ட்டின் 'எஃப்-111' ஓவியம் 86 அடி நீளம். டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை தீட்டிய கை அது. அறையின் நான்கு சுவர்களையும் சுற்றி வருமாறு அவர் அதை அமைத்தார், ஆகவே நடுவில் நின்று மெல்லத் திரும்பிப் பார்க்க வேண்டும். கிளேஸ் ஓல்டன்பர்க்கின் துணிச் சிற்பங்களைச் சுற்றி நடந்து தையலைப் பாருங்கள். டொராண்டோவிலுள்ள 'ஃப்ளோர் பர்கர்' (1962) உள்ளிட்ட பலவற்றின் தையலில் அவருடைய அன்றைய மனைவி பாட்டி முகா (Patty Mucha) என்பவரின் உழைப்பு இருக்கிறது. தொட ஆசை வரும், தொடக் கூடாது. பிரிட்டிஷ் ஓவியர் பாலின் போட்டி (Pauline Boty) வரைந்த படம் எங்கேனும் இருந்தால் தவறவிடாதீர்கள். 28 வயதில், 1966-இல் இறந்த அவரைப் பாப் வரலாறு நெடுங்காலம் மறந்திருந்தது. டேட்டில் உள்ள 'உலகின் ஒரே பொன்முடிப் பெண்' அந்த மறதி எவ்வளவு அநியாயம் என்று காட்டும்.

ஒரு முழுநாள் கிடைத்து, ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியுமென்றால், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சொல்வேன். வார்ஹோல் பிறந்த ஊர் அது. அவருடைய அருங்காட்சியகம் 1994-இல் அங்கே திறக்கப்பட்டது. அடித்தளத்திலுள்ள பட்டறையில் பார்வையாளர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்க்க வாய்ப்புண்டு. நேரம் ஒத்துவந்தால் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மையை ஒருமுறை நம் கையால் இழுத்துப் பார்த்தவர்களுக்கு மேலே இருக்கும் படங்களின் கறையும் வெளிறலும் உடனே பேசத் தொடங்கும். அதன்பின் லிஃப்டில் ஏழாம் தளத்துக்குப் போய், இளமைக் காலத்திலிருந்து வரிசையாகக் கீழே இறங்கி வாருங்கள். 1950-களில் அவர் வரைந்த காலணி விளம்பரங்களை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். விளம்பர உலகை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவரல்ல, அதில் வேலை செய்து பெயர் வாங்கியவர் அவர் என்பது அங்கேதான் தெளிவாகிறது. வெள்ளி நிறத் தலையணைகள் மிதக்கும் 'சில்வர் கிளவுட்ஸ்' அறையில் அவற்றை மெல்லத் தள்ளி விளையாடலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 'ஸ்கிரீன் டெஸ்ட்' எனப்படும், ஒருவரின் முகத்தையே காட்டும் வார்ஹோலின் மௌனத் திரைப்படங்கள் ஓடினால் ஒன்றையாவது உட்கார்ந்து முழுமையாகப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்ததை 16 சட்டகமாக ஓட்டுவதால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு நிமிடம் நீளும். ஆன் புக்கனன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணிலிருந்து நீர் வழியும் படம் அவற்றில் ஒன்று. பாதியில் எழுந்து போய்விட்டால் அது கிடைக்காது.