ராலேயில் வீடு, நியூயார்க்கில் வேலை: கம்யூட் செய்யும் பைலட் எந்த ஆஃபரை எடுப்பது?

எனக்கு டெல்டா, அமெரிக்கன் என்ற இரண்டு அமெரிக்க ஏர்லைன்களிலிருந்தும் ஒரே மாதத்தில் பைலட் வேலைக்கு ஆஃபர் வந்தது. மனைவிக்கு வட கரோலினாவில் உள்ள ராலே பக்கம் வேலை, மகளுக்கு இங்கேதான் பள்ளி. வீடு மாறுவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். ஆக, வேலை தொடங்கும் ஊருக்கு, அதாவது பேஸுக்கு, நான்தான் விமானம் பிடித்துப் போய் வர வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக, நான் கணக்குப் போட்ட விதத்தை எழுதுகிறேன். இன்டர்வியூ, மெடிக்கல் பற்றியெல்லாம் இங்கே இல்லை.

படி 1: சம்பள அட்டவணையை மூடி வையுங்கள்

டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் மூன்றுமே 2023-இல் பைலட்டுகளுடன் புதிய ஒப்பந்தம் போட்டன. மணிக்கணக்குச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லாபப் பங்கில் டெல்டாவுக்கு நல்ல பெயர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்யூட் செய்பவருக்கு முதல் கேள்வி வேறு: மாதத்தில் எத்தனை இரவு சொந்த வீட்டில் தூங்குவோம்?

படி 2: கிடைக்கப்போகும் பேஸ் எது?

ராலேயிலிருந்து டெல்டாவின் முக்கிய பேஸான அட்லாண்டாவுக்கு நாள் முழுக்க விமானம் இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பேஸ், விமான வகை, லீவு எல்லாமே சீனியாரிட்டிப்படிதான், அதாவது கம்பெனியில் சேர்ந்த வரிசைப்படி. சீனியர்கள் விரும்பும் பேஸ் புதியவருக்கு உடனே கிடைக்காது. பல கம்பெனிகளில் முதலில் கைக்கு வருவது நியூயார்க்தான். கடந்த ஆறு மாதங்களில் சேர்ந்தவர்களுக்கு எது கிடைத்தது என்று அவர்களிடமே கேளுங்கள்.

படி 3: உதவும் விமானங்களை மட்டும் எண்ணுங்கள்

நான் இடறி விழுந்தது இங்கேதான். முன்பு ஒரு சிறிய ஏர்லைனில் சேர்ந்தபோது, என் ஊருக்கும் பேஸுக்கும் இடையே தினம் பத்து விமானங்கள் இருப்பதைப் பார்த்து உடனே கையெழுத்துப் போட்டேன். முதல் மாதத்திலேயே புரிந்தது. ட்ரிப் காலை ஆறரைக்குத் தொடங்கும். அதற்கு முன் அங்கே இறங்கும் விமானம் ஒன்றுகூட இல்லை. முந்தைய நாள் மாலையே போக வேண்டும். நான்காம் நாள் ட்ரிப் முடியும்போது இரவு பத்தரை. ஊருக்குக் கடைசி விமானம் போயிருக்கும். நான்கு நாள் வேலைக்காக இரண்டு இரவு கூடுதலாக வெளியே தங்கினேன். மாதம் நான்கு ட்ரிப் என்றால் எட்டு இரவு. வருடத்துக்கு 96.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கூகுள் ஃப்ளைட்ஸில் அந்தப் பாதையின் நேரடி விமானங்களை எல்லா ஏர்லைன்களுக்கும் சேர்த்து எடுங்கள். கம்யூட் செய்பவர் காலி சீட்டிலோ, ஜம்ப்சீட் எனப்படும் காக்பிட்டின் கூடுதல் இருக்கையிலோதான் போவார்; ஜம்ப்சீட் ஒப்பந்தம் இருந்தால் போட்டிக் கம்பெனி விமானத்திலும் ஏறலாம். ராலேயிலிருந்து நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கான பாதையில் டெல்டாவும் அமெரிக்கனும் பறப்பது எனக்குப் பெரிய பலம். அப்புறம் இரண்டு கேள்வி. இது ட்ரிப் தொடங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது இறங்குமா? இதைத் தவறவிட்டால் அடுத்ததும் நேரத்துக்குப் போய்ச் சேருமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே எண்ணுங்கள். ஞாயிறு மாலை, வியாழன் மாலை, தேங்க்ஸ்கிவிங் வாரம் மூன்றையும் தனியாகப் பாருங்கள். தாமதம் எவ்வளவு என்று அறிய விமானங்களைக் கண்காணிக்கும் ஃப்ளைட்அவேர் தளம் போதும். காசு கட்டும் ஆப் எதுவும் வேண்டாம். ஒரு எக்ஸெல் தாள்தான் எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது.

படி 4: ரிசர்வ்

புதியவர் பெரும்பாலும் ரிசர்வில்தான் தொடங்குவார்; அதாவது நிலையான ட்ரிப் இல்லாமல், கூப்பிட்டால் வரத் தயாராக இருக்க வேண்டும். ஷார்ட் கால் என்றால் கூப்பிட்ட சில மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு ஒரு முறைக்கு 14 மணி நேரம் வரை நீளலாம். ராலேயில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் பகுதியில் க்ராஷ்பேட், அதாவது பலரோடு பகிரும் தங்குமிடம், எடுத்தேன்; விமான ஊழியர்கள் நிறைந்த இடம் என்பதால் அதை ‘க்ரூ கார்டன்ஸ்’ என்றே சொல்வார்கள். லாங் கால் என்றால் நீண்ட நேரம் முன்பே கூப்பிடுவார்கள், வீட்டிலேயே இருக்கலாம். ஆகவே அந்த பேஸில் ரிசர்வ்காரர்களில் எத்தனை பேர் லாங் காலில் இருக்கிறார்கள், லைன், அதாவது முன்பே தெரிந்த மாத அட்டவணை, கிடைக்க எத்தனை மாதம் ஆகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் வேலைக்குப் போகும் திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானி சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து தன் பேஸான நியூவார்க் வந்திருந்தார். வேலைக்கு முன் 10 மணி நேர ஓய்வு என்று இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் கம்யூட் நேரம் அந்த ஓய்வுக்குள்ளேயே போகும். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

நான் எடுத்த முடிவு

அமெரிக்கன். காரணம் அவர்களுக்கு பேஸ் உள்ள சார்லட். ராலேயிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம், அதனால் காலி சீட்டை நம்பி இருக்க வேண்டாம். முதலில் லகார்டியாதான் கிடைத்தது, அதற்குத் தயாராகவே போனேன். சார்லட் பேஸ் வந்த பிறகும் ஷார்ட் கால் நாட்களில் அங்கே ஒரு அறை தேவைப்படுகிறது. இரண்டரை மணி நேரத் தொலைவு அதற்கு அதிகம்.

பின்னர் சேர்த்தது: படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார், சிறிய ஜெட் மட்டும் பறக்கும் பாதையை எண்ணலாமா என்று. எண்ணுங்கள், ஆனால் பாதி மதிப்பெண்தான். அவற்றில் காக்பிட் ஜம்ப்சீட் ஒன்றுதான் இருக்கும். கோடை வெயிலில் எடை வரம்பு இடித்தால் காலி சீட் இருந்தும் இறக்கிவிடுவார்கள்.

இன்னொருவர், பிடித்த கம்பெனிக்காக இரண்டு மாதம் காத்திருக்கலாமா என்றார். ஆட்சேர்ப்பு வேகமாக நடக்கும்போது இரண்டு மாதத்தில் சில நூறு பேர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார்கள். ஓய்வு வயது 65. அந்த வரிசை அதுவரை உங்களோடு வரும். காரில் போகக்கூடிய பேஸ் உள்ள கம்பெனி என்றால் மட்டும் காத்திருங்கள்.