முதலில் மழை, பிறகு பொக்லைன்

கனகபுரா பக்கம் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரு அல்சூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்வரும் விவசாயி நான். வாங்கிய சூட்டோடு பொக்லைனை வரவழைத்துப் பண்ணைக்குட்டை வெட்டினேன். மழை வந்தபோது தண்ணீர் ஒரு மூலையில் ஓடியது, குட்டை வேறொரு மூலையில் வாய் பிளந்து கிடந்தது. நீரின் போக்கைப் பிறகுதான் படித்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: படங்கள்

கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய ஆண்டுகளின் படங்களைப் பாருங்கள். ஏப்ரலிலும் பச்சையாக நீளும் கோடுதான் ஈரம் தங்கும் இடம். சர்வே எண்ணுக்குக் கர்நாடக அரசின் திஷாங்க் செயலி போதும். கிராம வரைபடத்தில் ‘ஹள்ள’ என்று இருந்தால் அது ஓடை. (வேறொன்றுமில்லை, நம் பள்ளம்தான். கொங்கு நாட்டில் இன்றும் ஓடையைப் பள்ளம் என்பார்கள்.) ‘பி கராப்’ என்று பதிவான ஓடை அரசு நிலம்; அதில் மண்வெட்டி வைக்காதீர்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். நம் இரண்டு ஏக்கருக்குள் ஒரு கோடுகூட விழாமல் போகலாம். ஓடை எந்த ஏரிக்குப் போகிறது என்று பார்க்க மட்டும் அது உதவும்.

படி 2: நனையுங்கள்

இந்த வட்டாரத்தில் செப்டம்பரும் அக்டோபரும் நல்ல மழை மாதங்கள். மூன்று நிறத் துணி கட்டிய குச்சிகளோடு மழையிலேயே நடங்கள். தண்ணீர் நுழையும் இடம், தேங்கும் இடம், வெளியேறும் இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இடி இடித்தால் மட்டும் வண்டிக்குள் போய்விடுங்கள். மழையைத் தவறவிட்டால் மறுநாள் போனாலும் தடயம் இருக்கும்: சருகு ஒதுங்கிய வரிசை, புல் சாய்ந்த திசை, புதிதாகப் படிந்த வண்டல். கோரை முளைத்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்கலாம்.

நேர்ச்சுவர் கொண்ட டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்து, விழுந்த மழையை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 10 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் என் குட்டை எவ்வளவு சிறியது என்று புரிந்தது.

படி 3: மட்டம் பார்ப்பது

சரிவைக் கண்ணால் கணிக்க முடியாது. கைப்பேசிச் செயலிகளையும் நான் நம்புவதில்லை. மேஸ்திரிகள் வைத்திருக்கும் ட்யூப் மட்டம்தான் என் கட்சி. ஒளி ஊடுருவும் 15 மீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதன் இரு முனைகளையும் கட்ட அளவு குறித்த இரண்டு கழிகள், கூட ஒரு ஆள். குழாயில் தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டு கழிகளிலும் தண்ணீர் ஒரே அளவைக் காட்டும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைக்கும்.

நான் இடறியது இங்கேதான். சொம்பால் ஊற்றிக் குழாயை நிரப்பினேன். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. அதை நம்பி வெட்டிய மண்வாய்க்கால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த பெருமழையில் தண்ணீர் தாழ்ந்த முனைக்குத் திரண்டு, வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து ராகி வயலில் இறங்கியது. மன்னிப்புக் கேட்கப் போனதில்தான் அந்த வீட்டாரோடு பழக்கமே ஏற்பட்டது.

ஆகவே வாளியை உயரத்தில் வைத்து, வாயால் உறிஞ்சி, குமிழி நிற்கும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு கழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அளவு ஒன்றாக இல்லையென்றால் குமிழி உள்ளே இருக்கிறது. பத்து முளைக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அளவைப் படிக்கும்போது இரு முனைகளிலிருந்தும் கட்டைவிரலை எடுக்க மறக்காதீர்கள். குழாயின் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் அளவு பிசகும்.

படி 4: மண் குடிக்கும் வேகம்

ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாவது முறைதான் நேரம் பார்க்க வேண்டும். முதல் தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சிவிடும். மூன்று நான்கு இடங்களில் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: கோடையில் நிலம் வாங்கினோம், மழைவரை காத்திருக்க வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். ஆனால் ‘தண்ணீர் எங்கே ஓடும்?’ என்று கேட்டால் கையைப் பொதுவாக ஆட்டிவிடுவார்கள். ‘எந்த வரப்பு வருடாவருடம் உடையும்?’ என்று கேளுங்கள். ராகி வயல்கார அஜ்ஜி (பாட்டி) கேட்டவுடன் இரண்டு இடங்களைக் காட்டினார். இரண்டாவது இடத்தில் நான் பம்பு அறைக்குக் கடைக்கால் தோண்டி வைத்திருந்தேன்.